மேற்குச் சுவர்: சீமைப்பலா நின்ற இடம்

"நாளைக்கு நான் போய் அண்ணன்கிட்ட கேக்கேன்" என்று பகவதிப்பெருமாள் சொன்ன இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். சொன்னவர் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கிவிட்டார். அதைக் கேட்ட மருமகள்தான் விடிய விடியப் புரண்டு கிடந்தாள்.

நல்ல சேதிதானே, அதற்கு அந்தப் பெண் ஏன் புரள வேண்டும் என்று கேட்பீர்கள். இந்த வாரம்தான் புதிதாக வந்து சேர்ந்தவர்களும் இருப்பீர்கள். அதனால் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம்.

மணக்காட்டில் அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்த வீடு. மூத்தவர் குற்றாலலிங்கம், இளையவர் பகவதிப்பெருமாள். சாலைக் கடைத்தெருவில் ஒரே கல்லாவில் மாறி மாறி உட்கார்ந்து பாத்திரக்கடை நடத்தியவர்கள். அப்பா காலமாகி வீடு பாகம் பிரிந்தபோது, நடுவில் உள்ள சந்து யாருக்கு என்று பேச்சு வந்தது. அன்றோடு பேச்சே நின்றுபோனது. சந்து அண்ணன் பாகத்துக்குப் போயிற்று. "உங்க மண்ணுல ஒரு நுள்ளு எனக்கு வேண்டாம்" என்று தம்பி நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்தார். அந்தச் சந்தில் அதன் பிறகு அவர் கால் வைத்ததில்லை.

தம்பி வீட்டு மேற்குச் சுவர் அந்தச் சந்தை ஒட்டியே நிற்கிறது. சுவர் முடிந்தால் அண்ணன் மண். மத்தியானம் தொடங்கி அந்தி வரைக்கும் வெயில் முழுவதும் அந்தச் சுவரில்தான். இடுப்பெலும்பு ஒடிந்து படுத்த தம்பி மனைவி சரஸ்வதியம்மாளை அந்தச் சுவருக்கு உள்ளே இருந்த அறையில்தான் கிடத்த வேண்டியிருந்தது. குளிமுறியை, அதாவது குளியலறையை, ஒட்டிய அறை வீட்டில் அது ஒன்றுதான். ஏசி போட்டால் அவளுக்கு இழுப்பு வரும். ஃபேன் போட்டால் அனலை வாரி இறைக்கும். பங்குனி மாதத்து மத்தியானம் ஒன்றில், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள் அப்படியே போய்ச் சேர்ந்தாள்.

"ஹார்ட் முன்னமே வீக்கு. சூடும் ஒரு காரணம்" என்றார் டாக்டர். அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொன்னது வீட்டிலேயே தங்கிவிட்டது.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு பகவதிப்பெருமாள் ஒரு புது வழக்கம் தொடங்கினார். மத்தியானச் சாப்பாடு ஆனதும் மேற்கு அறைக்குள் போய், ஃபேனை நிறுத்திவிட்டு, அவள் படுத்த கட்டிலில் படுத்துக்கொள்வார். ஏன் மாமா என்று மருமகள் ஸ்ரீலட்சுமி கேட்டால், "அவ படுத்த சூட்டுல நானும் கொஞ்சம் படுக்கேன், உனக்கென்ன" என்பார். போன வாரம் தலைசுற்றிக் கட்டிலடியில் விழுந்து கிடந்தவரை அவள்தான் தண்ணீர் தெளித்துத் தூக்கினாள். "இன்னொரு மட்டம் இப்படி ஆனா ஆளைத் திருப்பித் தரமாட்டேன்" என்று அதே டாக்டர் எச்சரித்தார். அறையைப் பூட்டிவிடலாம் என்றால் மாமனார் சாவியைத் தரமாட்டேன் என்கிறார்.

ஆகவே சுவரைத்தான் சரி செய்ய வேண்டும். ஸ்ரீலட்சுமி வேலை பார்க்கும் கிழக்கேகோட்டை ஆடிட்டர் ஆபீசில் அப்படிச் செய்திருந்தார்கள். சுவருக்கு வெளியே ரெண்டு இஞ்ச் கனத்தில் ஃபோம் பலகைகளை ஒட்டி, இடுக்கெல்லாம் டேப் போட்டு, மேலே சட்டம் அடித்து, அதற்கு மேல் சிமெண்ட் பலகைகளை வரிசையாகப் பதிப்பார்கள். வெயில் பலகையோடு நின்றுவிடும். சுவர் சுடாது. உள்பக்கம் ஒட்டினால் பாதி பயன்தான், அதுவும் அந்தச் சின்ன அறையில் கட்டில் நகராது.

ஆனால் வெளியே ஒட்டினால் சுவர் நாலு இஞ்ச் தடிக்கும். அந்த நாலு இஞ்சும் அண்ணன் மண். சாரம் கட்ட வேண்டியதும் அண்ணன் சந்தில்.

இவ்வளவும் போன வாரம் வரைக்கும் உங்களுக்குத் தெரிந்தது. தெரியாத ஒன்று உண்டு. அது ஸ்ரீலட்சுமிக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த அனுமதி போன வருஷம் மாசியிலேயே கிடைத்துவிட்டது. போய்க் கேட்டு வாங்கியவள் சரஸ்வதியம்மாள்.

*

காலையில் பகவதிப்பெருமாள் இரண்டு முறை சவரம் செய்தார். முதல் முறை தாடையில் கீறிக்கொண்டார்.

"மோளே, இந்தச் சட்டை போதுமா?"

ஆகாச நீலத்தில் அரைக்கைச் சட்டை. போன ஓணத்துக்கு, கட்டிலில் கிடந்தபடியே மருமகளிடம் நிறம் சொல்லி அத்தை சரஸ்வதியம்மாள் வாங்கச் சொன்ன சட்டை.

"நல்லாருக்கு மாமா."

"வெறுங்கையோடயா போறது? ரெண்டு பழம் வாங்கலாம்னா, துக்க வீட்டுக்காரன் பழத்தோட ஒருத்தன் வாசப்படி ஏறலாமா?"

"பங்காளி வீட்டுக்கு என்ன மாமா? அவங்களுக்கும் நமக்கும் ஒரே தீட்டுதானே?"

பெரியவர் கண்ணாடி முன்னால் அப்படியே நின்றுவிட்டார். ஆமாம், பேச்சுவார்த்தை இல்லை என்று சொல்லித் தீட்டு விலகிப் போகுமா? சரஸ்வதியம்மாள் போன அன்று குற்றாலலிங்கம் தம்பி வீட்டுக்குள் வரவில்லை, தெருவோடு நின்றார். பதினாறு முடிகிற வரைக்கும் அந்த வீட்டில் தாளிக்கிற சத்தம் கேட்கவில்லை. தினமும் விடியற்காலையில் பத்மநாப சுவாமி கோவிலுக்கு நடந்து போகிறவர், அந்த நாள்களில் கேட்டைத் திறக்கவே இல்லை.

"மூணரைக்கு அந்தக் காண்ட்ராக்ட் பையன் வருவான்லா? அதுக்கு முன்னாடி போயிருகேன்" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணாச்சி வேண்டாம்னு சொல்லிட்டா?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் பார்க்கப் போகும் பையன் போலக் கேட்டார்.

ஸ்ரீலட்சுமி மனசுக்குள்தான் பதில் சொன்னாள். அவர் வேண்டாம் என்று சொல்லமாட்டார், மாமா. வேறு ஏதாவது சொல்லிவிடப் போகிறாரே என்றுதான் எனக்குப் பயம். இதை எப்படிச் சொல்வது?

அவர் குளிக்கப் போன நேரத்தில் ஆபீசுக்கு அரைநாள் லீவு சொன்னாள். கொச்சியில் பேங்க் டிரெயினிங்கில் இருந்த கணவன் ஸ்ரீஜித்துக்கு ஃபோன் போட்டாள்.

"அப்பா இன்னைக்குப் போறாங்க."

"கொள்ளாம், நல்ல காரியம்! கடைசில போறாருல்லா? பின்னே ஏன் உன் குரல் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டாள். கணவனுக்கும் சொல்லாத ரகசியம் அது. அத்தை தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு தெரு வழியாகச் சுற்றி, பெரிய மாமாவின் கேட்டைத் தள்ளினாள்.

*

குற்றாலலிங்கம் வராந்தாவில் பயறு உரித்துக்கொண்டிருந்தார். மனைவி போய் வெகு காலம். மகள் பெங்களூரில். சமையல் அவர் கையால்தான். மருமகளைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தார்.

"வா மக்ளே. பெருமாளுக்கு ஒண்ணுமில்லல்லா?"

"இன்னைக்கு மாமா உங்களைப் பார்க்க வாறாங்க, பெரிய மாமா."

பயறுத் தோல் ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டிருந்ததை எடுத்துப் போட்டார்.

"இப்போ வாறானா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். போன வருஷம் மாசில வந்திருந்தா அவ இருந்திருப்பாளே!"

"அதைத்தான் அவங்ககிட்ட சொல்லாதீங்கன்னு கேக்க வந்தேன்."

குற்றாலலிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"அத்தை உங்ககிட்ட வந்து கேட்டதும், நீங்க சரின்னு சொன்னதும் அவங்களுக்குத் தெரிய வேண்டாம். கையில அனுமதியை வச்சுக்கிட்டு அத்தை அந்தச் சூட்டுல கிடந்தாங்கன்னு தெரிஞ்சா, அவங்க தாங்கமாட்டாங்க. இப்பவே தினம் ஃபேனை நிறுத்திட்டுக் கிடக்காங்க. போன வாரம் விழுந்துட்டாங்க. உங்க காலைப் பிடிக்கேன் பெரிய மாமா."

"சரசு அன்னைக்கு இந்த இடத்துலதான் நின்னா" என்றார் அவர், கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாததுபோல. "அத்தான், மேற்கு முறி சூடு தாங்க முடியல்ல, சுவருக்கு வெளிய நாலு இஞ்ச் வேணும்னு கேட்டா. நாலு இஞ்ச் என்ன, நாலடி எடுத்துக்கோன்னேன். அதோட நிறுத்தியிருக்கணும். இந்த நாக்கு நிறுத்தல்ல. ஆனா அவன் வந்து ஒரு வார்த்தை என்கிட்ட கேக்கணும்னு சொல்லிட்டேன்."

"தெரியும்."

"நமக்குள்ள என்ன அத்தான், நான் கூட்டிட்டு வாறேன்னு சிரிச்சுக்கிட்டே போனா. அவ சொன்னா அவன் வருவான்னு நான் நம்பினேன். தம்பி வரப்போறான்னு..." குரல் உள்ளே போயிற்று. "அந்த நம்பிக்கையிலதான் மக்ளே, மரத்தை வெட்டினேன்."

சந்தில் ஒரு சீமைப்பலா மரம் நின்றது. ஊரில் கடச்சக்கை என்பார்கள். அகல அகலமான இலை. பேச்சு நின்ற காலத்திலும் காய் மட்டும் எந்த வீம்பும் பாராமல் தம்பி வீட்டுப் பக்கம் விழும். சரஸ்வதியம்மாள் எடுத்து, தேங்காய் அரைத்துப் போட்டு எரிசேரி வைப்பாள். யார் வீட்டுக் காய் என்று கேட்காமல் பகவதிப்பெருமாள் இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொள்வார்.

அந்த மரம் நின்றால் சந்தில் சாரம் கட்ட முடியாது. தம்பி வந்து கேட்டவுடனே வேலை தொடங்கட்டும் என்று, அவன் கேட்பதற்கு முன்னாலேயே அண்ணன் மரத்தைச் சாய்த்துவிட்டார்.

தம்பி என்ன நினைத்தார் தெரியுமா? ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "பாத்தியா சரசு? நிழல்கூட என் பக்கம் விழப்பிடாதுன்னு காய்ச்சு நிக்க மரத்தை வெட்டிப்போட்டான். இவன்கிட்டயா என்னைப் போய்க் கேக்கச் சொல்லுக?" என்று குதித்தார். நான் போய்க் கேட்டதால்தான் வெட்டினார் என்று அவள் எப்படிச் சொல்வாள்? முதுகுக்குப் பின்னால் போனாய் என்று தெரிந்தால் இந்த ஜன்மத்தில் அவர் அந்தப் படி ஏறமாட்டார். வாயை மூடிக்கொண்டாள். அந்த மழைக்காலத்தில்தான் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை ஒடித்துக்கொண்டாள்.

மரம் நின்ற வரைக்கும் பாதிச் சுவருக்காவது நிழல் இருந்தது. அடுத்து வந்த கோடையில் அதுவும் இல்லை. அந்தக் கோடையில்தான் அவள் அந்த அறையில் கிடந்தாள்.

"அவனுக்கு நான் நாலு இஞ்ச் கொடுத்தேன்னு ஊர் நினைக்கும்" என்றார் குற்றாலலிங்கம். "நான் கொடுத்தது வெயிலைத்தானே? எனக்கு உறக்கம் இல்ல மக்ளே. நான்தான் வெட்டினேன், எதுக்கு வெட்டினேன்னு அவன்கிட்ட ஒரு தடவை சொல்லிட்டா இந்த நெஞ்சு ஆறும்."

"உங்க நெஞ்சு ஆறும். அவங்க நெஞ்சு?"

கேட்டுவிட்டு ஸ்ரீலட்சுமியே பயந்துபோனாள். பெரியவரிடம் இப்படிப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. முறத்தைத் திரும்ப மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பயறை உரித்தார். பாதிப் பயறு தரையில் ஓடியது.

"சரி, போ. அவன் வரட்டும்" என்றார்.

சொல்லமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை என்பது கேட்டைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

*

மூன்று மணி தாண்டியதும் மாமனாரும் மருமகளும் தெருவில் இறங்கினார்கள். வானம் மேற்கே கொஞ்சம் கறுத்திருந்தாலும் வெயில் குறையவில்லை. அடுத்த வீடுதான். அதற்குள் பகவதிப்பெருமாள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். கேட்டில் கை வைத்தவர் வேட்டியைச் சரி செய்தார், சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்தார்.

குற்றாலலிங்கம் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். அவரும் சட்டை மாற்றியிருந்தார்.

இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டிலேயே இருந்தும் இத்தனை கிட்டத்தில் பார்த்து எத்தனை காலம்! அண்ணனுக்குக் காதருகே புதிதாக ஒரு மரு. தம்பிக்கு முன்பல் இரண்டு இல்லை.

"உட்காரு" என்றார் அண்ணன்.

"நிக்கேன்" என்றார் தம்பி. பிறகு ஒரே மூச்சில், காலையிலிருந்து உருப்போட்டதை ஒப்பித்தார். "அண்ணாச்சி, மேற்குச் சுவருக்கு வெளிய ஃபோம் ஒட்டணும். உங்க மண்ணுல நாலு இஞ்ச் வரும். சாரமும் உங்க சந்துலதான் கட்டணும். நீங்க சம்மதிக்கணும்."

ஸ்ரீலட்சுமி மூச்சை அடக்கிக்கொண்டு பெரிய மாமாவின் வாயையே பார்த்தாள். அந்த வாய் ஒரு முறை திறந்து மூடியது. கண் கலங்கியது. இப்போது சொல்லிவிடுவார், இதோ சொல்லிவிடுவார் என்று அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"கட்டிக்கோ" என்றார் குற்றாலலிங்கம்.

அவ்வளவுதான். ஒரு ஆயுள் பகை ஒரு வார்த்தையில் தீர்ந்துபோயிற்று. பகவதிப்பெருமாள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"இவ்வளவுதானா?" என்றார், யாரிடம் என்றில்லாமல். "இவ்வளவுதானா அண்ணாச்சி? இதுக்கா நான்... அவ எத்தனை மட்டம் சொன்னா! ஒரு வார்த்தை போய்க் கேளுங்கோ, கேளுங்கோன்னு. கேட்டிருக்கலாமே."

சின்னப் பிள்ளையைப் போல அவர் அழுவதைப் பார்த்து அண்ணன் அவர் தோளில் கை வைத்தார். எடுக்கவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஸ்ரீலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெரிய மாமாவைப் பார்த்துக் கை கூப்பினாள். அவர் மெல்லத் தலையாட்டினார்.

தப்பித்தோம் என்றுதான் அவள் நினைத்தாள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

*

காண்ட்ராக்டர் அபிஜித் பைக்கை நிறுத்திவிட்டு கருவிப் பையும் அளவு டேப்புமாக வந்தான். சின்ன வயசு, நெய்யாற்றின்கரைக்காரன், மலையாளமும் தமிழுமாகப் பேசுவான்.

"சேச்சி, வேகம் நோக்கணும். ஜூன்ல இடவப்பாதி மழை தொடங்கினா பின்னே ஒண்ணும் நடக்காது. நனஞ்ச சுவர்ல ஃபோம் ஒட்டினா ஈரம் உள்ளே பெட்டு அங்கேயே நின்னுபோகும். உணங்கின, காஞ்ச சுவர்லதான் ஒட்டணும்."

"எத்தனை நாள் ஆகும்ப்பா?" என்று பகவதிப்பெருமாள் கேட்டார். அழுத முகத்தோடு எழுந்து, அண்ணனின் கையைப் பிடித்தபடி சந்துக்குள் வந்திருந்தார். வருஷக்கணக்காகக் கால் வைக்காத மண்ணைக் குனிந்து குனிந்து பார்த்து நடந்தார்.

"பெரிய பணியொண்ணும் இல்ல சார். ரெண்டு மூணு திவசம், அவ்வளவுதான்."

பகவதிப்பெருமாள் சுவரில் உள்ளங்கையை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார். வெளிப்பக்கம் இப்படிச் சுடும் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

"ரெண்டு மூணு நாள் வேலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அபிஜித் டேப்பை நீட்டிச் சந்தின் அகலத்தை அளந்தான். நடுவில் ஒரு வெட்டிய அடிமரத்தில் கால் இடறியது. அதன் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு இரண்டு தளிர்கள் அகல இலை விட்டு நின்றன.

"ஆஹா, இவிடெ மரம் நின்னதாணு அல்லே? நல்லதாப் போச்சு. மரம் உண்டாயிருந்தா சாரம் கட்ட ஸ்தலமே இல்ல."

அவன் பாட்டுக்குச் சொல்லிவிட்டு அடுத்த அளவுக்குப் போய்விட்டான். அவன் என்ன கண்டான்?

பகவதிப்பெருமாள் அந்த அடிமரத்தைப் பார்த்தபடி நின்றார். ஸ்ரீலட்சுமி அவர் பக்கத்தில் ஓடி வந்தாள்.

"மாமா, வாங்க, வெயில் அடிக்கி. வீட்டுக்குப் போலாம்."

"இரு." அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். கோபம் இல்லாத குரல். சமாதானமான பிறகு பழைய விஷயத்தைச் சும்மா கேட்கிற குரல்தான். "காய்ச்சு நின்ன மரம்லா அண்ணாச்சி? இதை எதுக்கு வெட்டினீங்க?"

"பூச்சி விழுந்தது" என்று ஆரம்பித்தார் குற்றாலலிங்கம்.

"பூச்சியா? அன்னைக்கு நான் ஜன்னல்ல பாத்தேனே. கொப்பு கொப்பா பச்சைக்காய் கிடந்தது."

ஸ்ரீலட்சுமி பெரிய மாமாவின் கண்ணைத் தேடினாள். அவர் அவளைப் பார்க்காமல் தளிரைப் பார்த்தார். அதுவரை முளைத்த தளிரையெல்லாம் வாராவாரம் ஒடித்துப் போட்டவர், சாரத்துக்கு இடம் வேண்டும் என்று. சரசு போன பங்குனிக்குப் பிறகு ஒடிக்க மனசு வரவில்லை.

"அண்ணாச்சி?"

எழுபது வயசு தாண்டிய மனுஷர். பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. தம்பி இத்தனை காலத்துக்குப் பிறகு முகத்துக்கு நேரே அண்ணாச்சி என்று கூப்பிட்டுக் கேட்கும்போது எப்படி வரும் பொய்?

"சாரம் கட்டத்தான்லே வெட்டினேன்" என்றார்.

"சாரமா?" பகவதிப்பெருமாள் சிரிக்கப் பார்த்தார். "எந்தச் சாரம்? நான் இப்போதானே வந்து கேட்டேன்? இது போன வருஷம் மாசில வெட்டினது. அப்போ யாரு..."

நிறுத்திவிட்டார்.

சந்தில் அபிஜித்தின் டேப் சுருண்டு உள்ளே போகிற சத்தம் கேட்டது. பகவதிப்பெருமாள் அடிமரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அதில் இருந்த ஜன்னலைப் பார்த்தார். அந்த ஜன்னலுக்குள்ளிருந்துதான் சரசு சொல்லுவாள், ஒரு வார்த்தை போய்க் கேளுங்கோ என்று. சம்மதம் ஏற்கெனவே கிடைத்தாயிற்று, ஒரு வார்த்தை போய்க் கேட்டால் போதும் என்று தெரிந்துகொண்டு சொல்லியிருக்கிறாள்.

"யாரு வந்து கேட்டா அண்ணாச்சி?"

அவருக்குப் பதில் தேவைப்படவில்லை. அண்ணன் பிடித்திருந்த கையை மெதுவாக உருவிக்கொண்டு, சந்தை விட்டு வெளியேறி, தெருவில் இறங்கி, தன் வீட்டுக்குள் போனார்.

*

ஸ்ரீலட்சுமி பின்னாலேயே ஓடினாள். அவள் ஹாலுக்குள் நுழைவதற்குள் மேற்கு அறையின் தாழ்ப்பாள் விழுந்துவிட்டது.

"மாமா! கதவைத் திறங்க மாமா!"

உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. போகும்போது அவள்தான் போட்டுவிட்டுப் போயிருந்தாள், அறை கொஞ்சமாவது ஆறட்டும் என்று. அந்தச் சத்தம்தான் அவளுக்கு இப்போது ஒரே ஆறுதல்.

"மாமா, டாக்டர் என்ன சொன்னாங்க? மறந்துட்டீங்களா? கதவைத் திறங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"மோளே." கதவுக்குக் கிட்டத்திலிருந்துதான் குரல் வந்தது. அழுகை இல்லை. "ஒண்ணு கேக்கேன். பொய் சொல்லப்பிடாது."

"கேளுங்க மாமா."

"உனக்குத் தெரியுமா?"

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. அப்படிச் சொல்லியிருந்தால், எல்லாரையும் ஏமாற்றிவிட்டுப் போனவள் சரசு ஒருத்திதான் என்று அவர் கொஞ்சம் கோபமாவது பட்டிருப்பார். கோபம் வந்தால் ஆள் வெளியே வந்துவிடுவார். ஸ்ரீலட்சுமி அதையும் யோசித்துப் பார்த்தாள். ஆனால் போன வருஷம் மாசியில் நான் வாயைத் திறந்திருந்தால் அத்தை இருந்திருப்பாள் என்று தினம் தினம் தன்னையே அறுத்துக்கொண்டிருந்தவள் அவள். இன்னொரு முறை வாயை மூடிக்கொள்ள அவளால் ஆகவில்லை.

"தெரியும் மாமா" என்றாள். "அத்தைதான் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க. உங்களைத் தலைகுனிய வைக்கக்கூடாதுன்னு. நீங்களா போய்க் கேட்டதா இருக்கட்டும்னு."

கதவில் காதை வைத்துக் கேட்டாள்.

"மாமா?"

சுவிட்ச் தட்டுகிற சத்தம் கேட்டது. ஃபேன் வேகம் குறைந்து, குறைந்து, நின்றுபோனது. பிறகு கட்டில் கிறீச்சிட்டது.

ஸ்ரீலட்சுமி இரண்டு கையாலும் கதவை அறைந்தாள். அசையவில்லை. ஸ்ரீஜித்தைக் கூப்பிடலாம் என்றால் அவன் கொச்சியில். வெளியே ஓடினாள். "அபிஜித்! உளி கொண்டு வா! கதவை உடைக்கணும்!" என்று கத்திக்கொண்டே சந்து வாசலுக்கு வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

குற்றாலலிங்கம் சந்தில் இருந்தார். அடிமரத்தை ஒட்டி, சுவருக்கும் சூரியனுக்கும் நடுவில், இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு கையில் விரித்துப் பிடித்திருந்தார். அத்தனை பெரிய சுவரில் அவர் நிழல் ஜன்னல் அளவுக்குக்கூட விழவில்லை.

"லே பெருமாளு" என்று ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டார். "நான்தான்லே வெட்டினேன். சரசுவை ஒண்ணும் சொல்லாதே. தாழ்ப்பாளை எடு. நீ எடுக்க வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

அந்த வயசில், அந்த வெயிலில், வெறுங்காலோடு நின்றார். உள்ளே தாழ்ப்பாள் இன்னும் அசையவில்லை. மேற்கே கறுத்து வந்த மேகம் இன்னும் சூரியன் பக்கம் வந்து சேரவில்லை. அபிஜித் உளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான்.